இருபத்திரண்டு மணி நேரம்

ஐஸ் பெட்டியின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, சுருட்டி, மூடிமேல் வைத்தாள் தாட்சாயிணி. நேற்றிலிருந்து உறுமிக்கொண்டிருந்த பெட்டி சட்டென்று வாயை மூடிக்கொண்டது. மேனாம்பேட்டு வீட்டில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இன்னாம்மா பண்ற?" சித்தப்பா அழகேசன் ஓடிவந்தார். "ரவி ரெண்டே முக்காலுக்கு எறங்கிடுவான். நாலரைக்கு ஊட்ல இருப்பான்."

"இன்னிக்கு செவ்வாக்கெழம சித்தப்பா. மூணு மணிக்கு ராகுகாலம். ரெண்டரைக்கு எடுத்துரலாம்."

கண்ணாடிக்கு அடியில் அப்பா உத்தமன் மகனுக்காகக் காத்துக்கிடந்தார். அண்ணன் ரவிச்சந்திரன் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வந்துகொண்டிருந்தான். பதினாலாயிரம் கிலோமீட்டர். துபாயில் விமானம் மாறி, மொத்தம் இருபத்திரண்டு மணி நேரம். துபாயிலிருந்து காலையில் கூப்பிட்டான்.

"தாட்சா, நான் வர்ற வரிக்கும் எடுத்துராதீங்க. மூஞ்சியையாவது பாக்கணும்."

"நீ வாண்ணா" என்றாள். வைத்திருப்போம் என்றும் சொல்லவில்லை, எடுத்துவிடுவோம் என்றும் சொல்லவில்லை. அவனிடம் கற்றுக்கொண்டதுதான்.

ஏழு வருஷத்துக்கு முன் அம்மா செத்தபோது தாட்சாயிணி மஸ்கட்டில் நர்ஸ். வெறும் மூன்றரை மணி நேரப் பயணம். ஏறுவதற்கு முன், தான் வரும்வரை வைத்திருக்கச் சொல்லி அண்ணனிடம் போனில் கெஞ்சினாள். "நீ வா" என்றான். கடல் முழுக்க அம்மா முகத்தை நினைத்துக்கொண்டே வந்தாள். வாசலுக்கு வந்தபோது எடுத்துப்போய், வீட்டையும் கழுவிவிட்டிருந்தார்கள். "ராகுகாலம் வந்துடுச்சு. ஈரமா கீது, பாத்து வா" என்றான் அண்ணன். அந்த வார்த்தையை அவள் ஒருநாளும் மறக்கவில்லை. இறந்த அன்றே அப்பாவை எடுத்திருக்கலாம். அவன் விமானம் ஏறட்டும், நம்பிக்கையோடு பறக்கட்டும் என்றுதான் பெட்டியை வரவழைத்தாள்.

"இவ்ளோ நேரம் வெச்சிகினு இருந்துட்டு, ரெண்டு மணி நேரத்துக்கு ஏம்மா?" சித்தப்பாவின் குரல் இறங்கியது. "கடசி மூச்சுலயும் அவனத்தான் கேட்டாரு அண்ணன்."

"அம்மா என்னத்தான் கேட்டுச்சாம். நீங்கதான சித்தப்பா சொன்னீங்க? அன்னிக்கு பாடையில மொத கைய வெச்சதும் நீங்கதான."

அவர் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு வெளியே போய்ப் பறைக்காரர்களை அடிக்கச் சொன்னார். கொள்ளிச்சட்டியை அவரே தூக்கினார்.

சாவு வண்டி தெருமுனை திரும்பியதும் தாட்சாயிணி புடவையை இழுத்துச் செருகினாள். அத்தை கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிக்கொண்டாள். வாளி வாளியாக ஊற்றித் தேய்த்தாள். அப்பா கிடந்த இடத்தில் இரண்டு வாளி அதிகமாகவே ஊற்றினாள்.

நாலரைக்கு வாடகைக் கார் வந்து நின்றது. மயானத்திலிருந்து திரும்பியவர்கள் தலைமுழுகிவிட்டு ஈரத் துண்டோடு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ரவிச்சந்திரன் அவர்கள் தலைகளைப் பார்த்தான். பிறகு வாசலைப் பார்த்தான். பயணப் பெட்டியைக் காரிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தான்.

"தாட்சா... அப்பா?"

"ராகுகாலம் வந்துடுச்சுண்ணா. ஈரமா கீது, பாத்து வா."

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி உள்ளே வந்து, கூடத்தின் நடுவில் தரையிலேயே உட்கார்ந்தான். அன்றைக்கு அவளும் அங்கேதான் உட்கார்ந்தாள். அவன் பேண்ட்டில் ஈரம் மெல்ல ஏறியது.

அந்தத் தரை எவ்வளவு சில்லென்று இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். காலி வாளியைக் குழாயடியில் வைத்தாள். குழாயைத் திறக்கவில்லை.