சுனையில் அவிக்கப் போன முட்டை

வெந்நீர்ச் சுனையில் முட்டை அவிக்காமல் திரும்பினால் கென்யாவின் நக்குரு ஊர்க்காரர்களுக்குச் சுற்றுலா வந்ததாகவே தோன்றாது. முட்டை போட்ட வலைப்பையோடு சுனையைச் சுற்றியிருந்த வேலியைத் தாண்டிய ஜெரோப்பின் காலடியில் தரை வெறும் குடம்போல் ஒலித்தது.

“அக்கா, ஓடாதீங்க! அப்படியே குப்புறப் படுங்க!” வழிகாட்டி லெமாயன் அலறினான்.

அவள் சட்டென்று குப்புறப் படுத்தாள். வலை நழுவி விழுந்தது. வயிற்றுக்கு அடியிலேயே ஏதோ களகளவென்று கொதித்தது.

“சுடுதுப்பா!”

“சுடட்டும், தவழ்ந்து வாங்க! கம்பை நீட்டுறேன், பிடிங்க!”

பல்லைக் கடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

“வேலி என்ன அழகுக்கா போட்டிருக்கு?” என்று திட்டினான்.

கால்மணி நேரம் கழித்துக் கோபம் அடங்கியதும் நீண்ட கம்பால் வலையை இழுத்துக் கொடுத்தான். ஜெரோப் ஒரு முட்டையின் ஓட்டை உரித்தாள். முட்டை நன்றாக வெந்திருந்தது.

வலை விழுந்த இடத்திலிருந்து சுனை இன்னும் பத்தடி தள்ளி இருந்தது.