சுபுஹுக்கு முதல் ஆள்

விடியற்காலைத் தொழுகையின் இரண்டாவது ரக்அத்துக்கு எல்லோரும் தரையிலிருந்து எழுந்தார்கள். ஷஹ்பாஸ் மட்டும் எழவில்லை. எழவே இல்லை என்று சொல்ல மாட்டேன். மற்றவர்களைவிட ஒரு மூச்சு தாமதம், அவ்வளவுதான். வலது கையைத் தரையில் ஊன்றி, இடுப்பை ஒரு பக்கமாகத் திருப்பி, பிறகு அந்தக் கையைத் தொடையில் வைத்து உடம்பை மேலே தள்ளிக்கொண்டு நின்றான். இருபத்தாறு வயதுப் பையன். பக்கத்தில் எழுபது வயதுக் காசிம் ராவுத்தர் அவனுக்கு முன்னாலேயே எழுந்து கைகட்டி நின்றுவிட்டார்.

தொழுகையில் இப்படி வேடிக்கை பார்க்கக் கூடாதுதான். ஆனால் என் கழுத்து இந்தப் பக்கமும் திரும்பாது, அந்தப் பக்கமும் திரும்பாது. எதிரில் இருப்பதைத்தான் நான் பார்க்க முடியும். எதிரில் இருந்தது என் தங்கையைக் கட்டப்போகிறவனின் முதுகு.

இரண்டு மாதமாகத்தான் நான் நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறேன். அதற்கு முன்பு முதல் வரிசையில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்வேன். வீம்பு. முப்பத்தெட்டு வயதில் நாற்காலியா என்று. கடைசியில் ஹஜரத்தே ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலியைப் பின்வரிசை ஓரத்தில் கொண்டுவந்து போட்டு, "அல்லாஹ் உங்க முதுகைக் கேக்கல பாய், மனசைத்தான் கேக்கறான்" என்றார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. உட்கார்ந்து பார்த்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. எல்லோரும் நெற்றியைத் தரையில் வைத்திருக்கும்போது, பள்ளிவாசலிலேயே நிமிர்ந்திருக்கும் தலை என்னுடையது மட்டும்தான். எத்தனை முதுகுகள்! எது எப்படி எழுகிறது, எது எங்கே பிடித்துக்கொள்கிறது, எல்லாம் தெரியும்.

என் நோயின் பெயர் அன்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ். அதைச் சொல்லி முடிப்பதற்குள் என் கடையில் இரண்டு ஜிப் விற்றுவிடலாம். முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, நாளாக நாளாக ஒரே எலும்பாக இறுகிப்போகும். தீராது. ஆனால் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் இறுகவிடாமல் பெருமளவு தடுத்து வைக்கலாம். எனக்குக் கண்டுபிடிக்க ஏழு வருடம் ஆயிற்று. அதற்குள் வாயு என்றார்கள், டிஸ்க் என்றார்கள், ஒரு வைத்தியர் இடுப்பில் ஏறி மிதித்தார், இன்னொருவர் மூன்று மாதம் அசையாமல் படுக்கச் சொன்னார். அந்தப் படுக்கையில்தான் நான் பாதி இறுகினேன். இந்த நோய்க்கு ஓய்வுதான் எதிரி. நடந்தால் குறையும், படுத்தால் கூடும். விடியற்காலையில்தான் உயிர் போகும்.

அதனால்தான் அன்றைக்குக் காலை எனக்குக் குலை நடுங்கியது. முந்தின நாள் சாயங்காலம் அஸர் தொழுகையில் இதே ஷஹ்பாஸ் சிட்டாகக் குனிந்து எழுந்ததைப் பார்த்திருந்தேன். மூட்டை தூக்கிப் பிடித்துக்கொண்ட முதுகாக இருந்தால் சாயங்காலம்தான் வலிக்க வேண்டும். காலையில் இறுகி, மாலையில் இளகுகிற முதுகு எது என்று எனக்குத் தெரியாதா?

இந்தப் பையனைத் தேடிப் பிடித்ததே நான்தான். வாழப்பாடிக்காரன். எங்கள் கடைவீதியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்து, மாடியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். அத்தா மௌத்தான பிறகு தங்கை அர்ஃபாவுக்குத் தகப்பன் இடத்தில் நான்தான் பொறுப்பு. எத்தனையோ வரன் வந்தது. இவனைப் பற்றி விசாரித்தபோது ஊரே ஒரு வார்த்தைதான் சொன்னது. "சுபுஹுக்கு முதல் ஆளா வர்ற பையன்." விடியற்காலைத் தொழுகைக்கு இந்தக் காலத்தில் எந்த வாலிபன் வருகிறான்? மோதினார் கதவைத் திறக்கும்போதே இவன் வாசலில் நிற்பானாம். போதாதா? பேசி முடித்துவிட்டோம்.

யா அல்லாஹ், பதினோரு வருடத்துக்கு முன் என் மனைவி ஷைமாவின் அத்தா என்னைத் தேர்ந்தெடுத்ததும் இதே வார்த்தையைக் கேட்டுத்தான். அப்போது நானும் சுபுஹுக்கு முதல் ஆள். மூன்று மணிக்கு வலி எழுப்பிவிடும். படுக்க முடியாது, உட்கார முடியாது. வீட்டுக்குள் நடந்தால் அம்மா எழுந்துவிடுவார் என்று தெருவில் நடப்பேன். நடந்து நடந்து பள்ளிவாசலுக்குப் போய்விடுவேன். ஊரார் என்னைப் பக்திமான் ஆக்கிவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. நிச்சயதார்த்தத்தன்று அவன் கறுப்புக் கண்ணாடி போட்டு வந்தான். மாப்பிள்ளை சினிமா ஹீரோவா என்று எல்லோரும் கலாய்த்தோம். மெட்ராஸ் ஐ என்று சொன்னான். ஒரே கண்ணில் சிவப்பு. அவன் கடையில் வேறு யாருக்கும் ஒட்டவில்லை. எனக்கும் அப்படித்தான் ஒற்றைக் கண் நான்கு தடவை சிவந்தது. முதுகு நோய் கண்ணிலும் வரும் என்று எந்த ஊரில் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்து என்ன செய்தேன்? நானும் சேர்ந்து சிரித்தேன்.

நிக்காஹுக்குப் பதினாறு நாள் இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். அர்ஃபா வழக்கம்போல என் காலடியில் உட்கார்ந்து சாக்ஸ் மாட்டிவிட்டாள். குனிந்து என் பாதத்தை நான் தொட்டு வருடக்கணக்காகிறது. "ண்ணா, நான் போயிட்டா உனக்கு யாரு மாட்டுவா? சாக்ஸ் இல்லாம செருப்பு போட்டுக்க" என்று சிரித்தாள். அம்மா இட்லித் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். என் அம்மா மஸ்தான் பீவி என்றால் எங்கள் தெருவில் வாய்க்குப் பெயர் போனவர். அன்றைக்கு மட்டும் குரல் இளகியிருந்தது.

"ஷைமா பட்ட பாட்ட என் மவ படக் கூடாதுன்னு நான் துஆ கேக்காத நாளில்ல நசுரு. அல்லாஹ் திடமா ஒருத்தனக் குடுத்துட்டான். போதும் எனக்கு."

அடுப்படியில் ஷைமா நின்றுகொண்டிருந்தாள். அம்மா அதைக் குத்திச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். நான் வாயைத் திறந்தால் இந்த நிக்காஹ் நிற்கும். என் தங்கையின் வாழ்க்கை நிற்கும். வாயை மூடிக்கொண்டால் அந்தப் பையன் முதுகு நாளுக்கு நாள் இறுகும். நான் என்ன டாக்டரா, நான் பார்த்தது தப்பாகவும் இருக்கலாமே, நிக்காஹ் முடியட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனுசனுக்குச் சாக்கா கிடைக்காது?

கடையில் என்னை "முதுகு பாய்" என்பார்கள். தையல் சாமான் கடை. நூல், ஜிப், பட்டன், லைனிங் துணி. யாராவது இடுப்பில் கைவைத்து "உஸ்ஸ்" என்றால் போதும், நான் ஆரம்பித்துவிடுவேன். உங்களுக்கு நாற்பதுக்குக் கீழேயா? மூன்று மாதத்துக்கு மேல் வலியா? காலையில் அரைமணி நேரம் மரக்கட்டையாக இருக்கிறதா, நடந்தால் சரியாகிறதா? ஆமாம் என்றால் மூட்டு வாத டாக்டரைப் பாருங்கள் என்று நோட்டீஸ் அச்சடித்து பட்டன் பையிலெல்லாம் போட்டு அனுப்புவேன். கல்லூரியில் கூப்பிட்டுப் பேச வைத்தார்கள். லாரி பட்டறைகளில் பேசியிருக்கிறேன். மைக்கைக் கொடுத்தால் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்று ஒரு பெயரும் உண்டு. அந்த வாரமும் நிறுத்தவில்லை. ஊருக்கெல்லாம் சொன்னேன். ஒரே ஒருவனிடம் சொல்லவில்லை.

எட்டாவது நாள் குணசீலன் வந்தார். புதுச்சத்திரத்துத் தையல்காரர். பள்ளி யூனிஃபார்ம் தைப்பதற்கு வருடம் இரண்டு முறை வந்து மொத்தமாக வாங்கிப்போவார். அன்றைக்கு எதுவும் வாங்கவில்லை. பையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஏனுங்க பாய், நம்ம இனியாவத் தெரியுமில்லீங்க, காலேசு போற புள்ள. ரெண்டு வருசமா முதுகு வலிக்குதுன்னுட்டு இருந்தா. பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் சகசம்னு நாங்களும் உட்டுட்டமுங்க. உங்க நோட்டீசு பட்டன் பையில கெடந்துச்சு. அவளே எடுத்துப் படிச்சுப்போட்டு, அப்பா இது நான்தான்னு சொன்னாளுங்க."

"டாக்டரப் பாத்தீங்களா?"

"பாத்தமுங்க. அதேதான்னு சொல்லிட்டாரு. மருந்து குடுத்துருக்காரு, வெடியால தெனமும் நடக்கச் சொல்லிருக்காரு. இன்னும் எலும்பு ஒட்டலையாமுங்க. நேரத்துல வந்தீங்கன்னு சொன்னாருங்க. உங்களால தானுங்க." அவர் கண் கலங்கிவிட்டது. இரண்டு கையும் கூப்பினார்.

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அவர் போன பிறகும் அந்த வாழைப்பழத்தைத் தொட மனம் வரவில்லை.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிடப் போனவன், ஷைமா தனியாக உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. கடைசியில், நோய் தெரிந்த நாளிலிருந்து ஐந்து வருடமாகக் கேட்கப் பயந்திருந்ததையும் கேட்டேன்.

"எனக்கு இப்படின்னு அப்பவே தெரிஞ்சிருந்தா என்னைக் கட்டியிருப்பியா?"

"எங்கத்தா குடுத்திருக்க மாட்டாரு" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "நானும் சரின்னு சொல்லியிருக்க மாட்டேன். கேட்டீங்க, அதான் சொல்றேன்."

எதிர்பார்த்த பதில்தான். அவள் பூண்டுத் தோலை முறத்தில் ஒதுக்கினாள்.

"ஆனா உங்களுக்கே அப்பத் தெரியாதே. அத நான் ஒரு நாளும் குத்தமா நெனச்சதில்ல. எனக்கு வேற கணக்கு இருக்கு. ஆறு வருஷம் உங்களச் சோம்பேறின்னு நெனச்சேங்க. புள்ளையத் தூக்க மாட்டேங்கறாரு, தண்ணிக் கேன மாத்த மாட்டேங்கறாரு, காலையில கூப்பிட்டா எரிஞ்சு விழறாருன்னு எங்கம்மாகிட்டப் போய் அழுதிருக்கேன். ஒரு தடவ பெட்டியக் கட்டிட்டுக்கூடப் போனேன். நோயின்னு தெரிஞ்ச அன்னைக்கு நீங்க அழுதீங்க. நான் அன்னைக்கு நிம்மதியாத் தூங்கினேன். எம் புருஷன் கெட்டவன் இல்லன்னு." அவள் குரல் உடைந்தது. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "அந்த ஆறு வருஷத்த அர்ஃபாவுக்கும் குடுத்துடாதீங்க. கட்டறதும் கட்டாததும் அவங்க பாடு."

மறுநாள் சுபுஹு முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். ஷஹ்பாஸ் போகவில்லை. பள்ளிவாசலின் பக்கவாட்டு முற்றத்தில், தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் குழாய்களுக்கு அருகே, கையில் தஸ்பீஹ் மணியை வைத்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தான். பார்ப்பவருக்கு, இறைவன் பெயரை ஓதி திக்ரு செய்கிறான் என்று தோன்றும். நானும் அவனோடு சேர்ந்து நடந்தேன். இரண்டு சுற்று முடிந்தது.

"மாப்பிள்ளை, எத்தனை மணிக்கு முழிப்பு வருது?"

"மூணு, மூணரை ஆகும் மச்சான்."

"அலாரம் வப்பீங்களா?"

நடை நின்றது. "இல்ல."

"எந்தப் பக்கம்? இடுப்புக்குக் கீழ, வலதா இடதா?"

"மாறி மாறி வரும்." சொன்ன பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தான். என் வளைந்த தோளை, முன்னால் நீண்டிருக்கும் கழுத்தை, அன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தான். "நாள் பூரா குனிஞ்சு வேல பாக்கறதால வருதுன்னு நெனச்சேன். எல்லாரும் என்னைத் தொழுகையாளி தொழுகையாளின்னு சொல்லும்போது கூச்சமா இருக்கும் மச்சான். நான் வலி தாங்காமத்தான் இங்க வந்து நிக்கறேன். அத யார்கிட்டச் சொல்றது?"

"நானும் அப்படித்தான் வந்தேன்."

அவன் குழாய்த் திண்டில் உட்காரப் போனான். உட்காராமல் நின்றான். உட்கார்ந்தால் எழுந்திருப்பது பாடு என்று அவனுக்கும் தெரியும். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. "ஒம்பது நாளா."

"ஒம்பது நாளா?" குரல் உயர்ந்தது. "ஊருக்கெல்லாம் நோட்டீஸ் குடுக்கறீங்க. எனக்கு ஒண்ணு குடுக்கத் தோணலையா மச்சான்?"

அர்ஃபாவுக்காக என்று சொல்லலாம். சொன்னால் அசிங்கம். தலை குனிய முடிந்தால் குனிந்திருப்பேன். "தப்புத்தான். மன்னிச்சுக்கங்க" என்றேன்.

சொட்டிக்கொண்டிருந்த ஒரு குழாயைத் திருகி மூடினான். பிறகு, "எனக்கும் உங்கள மாதிரி ஆயிடுமா?" என்று கேட்டான். சின்னப் பிள்ளையின் குரல்.

"இங்க வாங்க" என்று அவனைச் சுவரோரம் அழைத்துப்போனேன். "குதிகாலச் சுவத்தோட ஒட்டுங்க. முதுகு. இப்ப மோவாயத் தூக்காம, நேராப் பாத்துட்டுத் தலையப் பின்னால கொண்டு போங்க."

அவன் தலை சுவரைத் தொட்டது. சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. பக்கத்தில் நானும் அதேபோல நின்று காட்டினேன். அவன் கையை நீட்டி, என் பின்தலைக்கும் சுவருக்கும் நடுவில் நுழைத்துப் பார்த்தான். முழு உள்ளங்கையும் போய் வந்தது. மறுபடியும் தன் தலையைச் சுவரில் வைத்துப் பார்த்துக்கொண்டான்.

"இன்னும் தொடுது" என்றான்.

"தொடுது. இன்னிக்கே டாக்டர்கிட்டப் போலாம். நான் வர்றேன்."

"அர்ஃபாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அத நான் சொல்றது முறையில்ல."

அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, எண்ணைத் தேடி அழுத்திக் காதில் வைத்துக்கொண்டான். வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. மணி அடிப்பது எனக்கும் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. குதிகால், முதுகு, தலை எதையும் அவன் சுவரிலிருந்து எடுக்கவில்லை. நான்காவது மணி பாதியில் நின்று, என் தங்கையின் தூக்கக் கலக்கக் குரல், "சொல்லுங்க" என்றது.