பாஸ்குவாலின் சுருக்குப்பை

சந்தனக் கட்டையை யாருக்கு விற்பது என்பதைத் திமோரில் துறைமுகக்காரர்களான நாங்கள்தான் முடிவு செய்வோம். போர்ச்சுகல் ராஜாவின் கொடி தாராளமாகப் பறக்கட்டும், கும்பிடுவோம். விலை பேச மட்டும் அவரைக் கூப்பிட மாட்டோம்.

கோவாவிலிருந்து வந்திறங்கிய புது கவர்னருக்கு இது பொறுக்கவில்லை. தன் முத்திரை விழாத கட்டை கப்பலேறக் கூடாது என்றான். மக்காவ் கப்பலுக்கு வழக்கம்போல் கட்டை ஏற்றிய என் தம்பி பாஸ்குவாலைக் கோட்டைவாசல் கம்பத்தில் கட்டி அடித்தான். மூன்றாம் நாள் தம்பி செத்தான். இவனை விரட்டும்வரை வெற்றிலை போடுவதில்லை என்று சவக்குழி மண்ணைத் தொட்டுச் சொன்னேன்.

தம்பி வைத்திருந்த எங்கள் வீட்டு வெற்றிலைச் சுருக்குப்பை மலைக்குப் போனால்தான் மலை ராஜா மரம் வெட்டச் சொல்வார். இது கவர்னரின் காதுக்கு எட்டியதும் சிப்பாய்களோடு என் வாசலுக்கே வந்துவிட்டான்.

"உன் தம்பி பை எங்கடி?"

"ஆணியிலதான் தொங்குது துரை. எடுத்துக்கோங்க."

"திமிரு அடங்கிருச்சு போல!"

"அடி விழுந்தா புத்தி வராதா துரை?"

சுண்ணாம்பு டப்பியைக் காலி செய்து, பையைக் கறுப்பு நூலால் கட்டியிருந்தேன். அது சாவுச் சேதி. அதைச் சொந்தக்காரன்தான் மலைக்குக் கொண்டுபோவான். அந்நியன் கொண்டுவந்தால் கொன்றவனே அவன்தான் என்று அர்த்தம்.

பை கொண்டுபோன சிப்பாய்கள் துப்பாக்கியும் செருப்பும் இல்லாமல் ஓடிவந்தார்கள். மலைப்பாதை அடைபட்டது. கட்டையெல்லாம் மறுபக்கச் சரிவில் இறங்கி, அடுத்த துறையில் எங்கள் விலைக்கே கப்பலேறியது. கோட்டைக்கு ஒரு மணி அரிசி போகவில்லை. நாலாம் மாதம் கவர்னர் எலும்பும் தோலுமாய் என் வாசலில் வந்து நின்றான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"லொரேன்சா அம்மா, கொஞ்சம் அரிசி..."

"அட, அம்மாவா! ஏன், முத்திரைய வேகவச்சுத் தின்னா என்ன?"

"அதைக் கடல்ல போட்டுடறேன்மா."

"முதல்ல அந்தக் கம்பத்தப் பிடுங்குங்க. உங்க கையால."

ஊரே நின்று பார்க்க, நகம் கிழியக் கிழியத் தோண்டினான். கம்பம் சாய்ந்ததும், "இப்ப அரிசி?" என்றான்.

"உங்க கப்பல்ல ஏத்தியாச்சு. கோவா போற வரைக்கும் சாப்பிடுங்க. இங்க ஒரு பருக்கை கிடைக்காது."

சிப்பாய்களோடு அன்றே கிளம்பினான். மலையிலிருந்து திரும்பி வந்திருந்த தம்பியின் பையில் புது வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு போட்டு வைத்திருந்தேன். பாய்மரம் கண்ணை விட்டு மறைந்ததும் எடுத்து மென்றேன். கம்பம் நின்ற குழியில் சிவக்கச் சிவக்கத் துப்பினேன்.