கொஞ்சம் தள்ளி நில்லுங்க

நாகையா பிணங்களைத்தான் வரைவான். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அவன் போட்ட ஒரு படம்: ரப்பர் மரத்தடியில் ஒருவன் செத்துக் கிடக்கிறான், கங்காணி சொல்கிறான், "பத்து மணிக்குத்தானே செத்தான், அரைப்பேரு போடு." தோட்டத்தில் அரைநாள் கூலியை அப்படித்தான் சொல்வோம். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். பிரிக்பீல்ட்ஸ் வாசகர் மன்றத் தலைவர் சபாபதி மட்டும் அபசகுனம் என்றார். படங்களைப் புத்தகமாகப் போடச் சொல்லி நாகையா பத்து வருஷம் நடந்தான். மன்றம் மசியவில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம் கிள்ளான் ஆஸ்பத்திரியில் அவன் செத்ததும் இந்தச் சபாபதிக்கு எங்கிருந்துதான் அன்பு வந்ததோ. சஃபாரி சூட்டில் மலர்வளையத்தோடு வந்து, பெட்டியை மறைத்து நின்று, கேமராவுக்கு முகம் காட்டினார். பதினாறாம் நாள் காரியத்துக்கான கார்டையும் மன்றமே அடிக்கும் என்றார்.

அந்தக் கார்டு அடிக்க வந்த அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவன் நான். நாகையாவின் மனைவி மாரியாயி ஓர் உறையோடு வந்து நின்றாள். உள்ளே அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வரைந்த படம். கார்டில் போட்டோ வேண்டாம், இதைத்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுச் செத்திருக்கிறான். கார்டுக்குச் சொல்ல வந்திருந்த சபாபதி உறையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"சாவு காரியத்துல கேலியெல்லாம் வேணாம்லா," என்று நாகையாவின் ஐ.சி. போட்டோவை, அடையாள அட்டைக்கு எடுத்ததை, நீட்டினார். முதலாளியும் தலையாட்டினார். படித்தவர்களை நம்பி என்னத்தைக் கண்டோம்?

அவர்கள் நகர்ந்ததும் மாரியாயி என்னிடம் சொன்னாள்: "எனக்கு எழுத்துத் தெரியாதுண்ணே. அவரு கேட்ட படம் இருக்கா இல்லையான்னு மட்டும் தெரியும்."

வேலை போனால் போகட்டும் என்று படத்தைப் பிளாக் செய்யக் கொடுத்தேன். முந்நூறு கார்டும் அதோடுதான் அடித்தேன். சஃபாரி சூட், மை பூசிய மீசை, கையில் மலர்வளையத்தோடு ஓர் ஆள் சவப்பெட்டியை மறைத்து நிற்கிறார். நடக்கப்போவதை முன்பே வரைந்து வைத்திருந்தான் பாவி! பெட்டிக்குள்ளிருந்து நாகையா தலையைத் தூக்கி, "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நானும் தெரியணும்" என்கிறான்.

கார்டைக் கையில் வாங்கி மாரியாயி சிரித்தாள்.

மறுநாள் சபாபதி அச்சகத்துக்கு வந்தார். ஒரு கை பார்த்துவிடலாம் என்று நின்றேன். அவரோ முதலாளியிடம் கார்டைக் காட்டி, "என்னைய நல்லா பெருசா போட்டிருக்கான் பாத்தீங்களா," என்றார். மன்றத்தில் கொடுக்க இன்னும் ஐம்பது வேண்டுமாம்.

செத்தவன் சொன்ன ஒரு வரியை அவர் படிக்கவேயில்லை.

மிஷின் கெட்டுப்போச்சு என்று சொல்லி, அவர் கண்ணெதிரேயே சுவிட்சை அணைத்தேன்.