வெள்ளிக்கிழமை ஆறாவது பீரியட்

"இன்னைக்கு ஒரு நாள் உன் பீரியடைக் குடுன்னு கேட்டது யாரு?"

"கேட்டேன். நீ மாட்டேன்னு சொல்லியிருந்தா நான் என்ன பிடுங்கிக்கிட்டா..."

"பிடுங்கலை. சோத்துத் தட்டு முன்னாடி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுக் கேட்டீங்க."

"போர்ஷன் முடியலைடி! பரீட்சையில பாட்டா கேக்கப்போறான்?"

"மெதுவாப் பேசுங்க. பிள்ளைங்க உட்கார்ந்திருக்கு."

பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியவில்லை. கணக்கு வாத்தியார் ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டு இருபதுக்கு, எட்டாம் வகுப்பு அவர் வீட்டு முன்னறைக்கு வந்துவிட்டது. மணி அடித்தது, பெஞ்சுகள் இழுபட்டன, நாற்பது பிள்ளைகள் இருமிக் குசுகுசுத்து அடங்கினார்கள். மேசைமேல் சாக்பீஸ் தூள் படிந்தது. பிறகு, சுருதிப்பெட்டி எப்போது திறக்கும் என்று காத்திருக்கும் அமைதி. நாற்பது நிமிடம் கழித்து மறுபடி மணி, வெறும் அறை. இருபத்தாறு வருஷமாக அவர் கேட்டு வாங்கிக் கணக்கு நடத்திய பாட்டு பீரியடுகள் அவை. கொடுத்த பாட்டு டீச்சர் வேறு யாருமில்லை, அவர் மனைவிதான். கொடுத்துவிட்டு ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, அவருடைய பரீட்சைத் தாள்களுக்கே நூல் கோத்துக் கட்டியவர்.

வாத்தியார் தமக்குத் தெரிந்ததைச் செய்தார், பின்னம் நடத்தினார். அடுத்த வாரமும் அதே பீரியடே வந்தது, அதே பிள்ளை அதே இடத்தில் இருமினான். வீட்டைப் பூட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனார். பீரியட் அங்கேயும் வந்து சோபாவைச் சுற்றி உட்கார்ந்தது. மருமகன் நல்ல மாதிரி, டிவியை மட்டும் அணைத்தார். பாடினால்தான் ஒரு பீரியட் கழியும் என்று புரிய மூன்று மாதம் ஆயிற்று. மனைவியிடம் கேட்டதற்கு, "எனக்கு இப்ப தொண்டை இல்லை" என்று உள்ளே போய்விட்டார். ஆகவே வாத்தியாரே பாடினார். அவருடைய 'ப' ஸ்வரம் ஒவ்வொரு முறையும் சற்றுத் தாழ்ந்தே விழுந்தது. நாற்பது குரல்களும் தவறாமல் அதே இடத்தில் போய் விழுந்தன. மூன்றாவது வாரம் டீச்சர் கையில் கரண்டியோடு வந்து, "பிள்ளைங்களைக் கெடுக்காதீங்க, நகருங்க" என்றார். அன்றிலிருந்து வகுப்பு டீச்சருடையது. வாத்தியார் தரையில் உட்கார்ந்து பிள்ளைகளோடு கற்றுக்கொண்டார். தெருவில் அந்த நேரத்துக்கு மிக்சி போடுவதை நிறுத்தினார்கள். சாமான் கொடுக்க வந்தவர்கள்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

நான்காம் வருஷம் ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. மற்ற குரல்கள் தாமாகவே ஒதுங்கி வழிவிட்டன. டீச்சர் தாம் பாடுவதை நிறுத்தினார்.

"இவ யாருன்னு தெரியுதா?"

தெரியவில்லை.

"'சார், இது பாட்டு பீரியட்'னு எந்திரிச்சுச் சொன்னாளே. மணி அடிக்கிற வரைக்கும் வெளியில நிக்க வச்சீங்க. இந்த ஒரு பீரியடுக்காகத்தான் அவ பள்ளிக்கூடமே வந்துக்கிட்டிருந்தா. ஒன்பதாவதோட நின்னுட்டா."

"அன்னைக்கே நீ சொல்லியிருக்கலாமே?"

"வீட்டுல சண்டை வேண்டாம்னு இருந்துட்டேன்."

குரல் அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் இப்போது தெருமுனைத் தையல்காரம்மா. வாத்தியாரின் ஓய்வு விழாச் சட்டையைத் தைத்தவரே அவர்தான். தோள் கச்சிதமாக இருக்கிறது என்று வாத்தியார் பாராட்டியும் இருக்கிறார். மறுநாளே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று கிளம்பிப் போனார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. "என்ன சார்?" என்று தையல்காரம்மா நிமிர்ந்து பார்த்ததும், "பட்டன் லூசா இருக்கும்மா" என்று போட்டிருந்த சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பனியனோடு வீடு திரும்பினார். இப்படியே ஐந்து நல்ல சட்டைகள் போய்ச் சேர்ந்தன.

ஐந்தையும் மடித்து எடுத்துக்கொண்டு தையல்காரம்மா ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். வகுப்பு நடந்துகொண்டிருந்ததால் எல்லாரையும் போலச் சுவரோரம் உட்கார்ந்தார். தோளில் நீல நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலோரக் குரல் எழுந்தது. அவர் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். டீச்சர் இந்த முறை நிறுத்தவில்லை. மணி அடித்து, பெஞ்சுகள் இழுபட்டு, அறை காலியானதும், சட்டைகளை வாத்தியாரின் மடியில் வைத்துவிட்டுத் தையல்காரம்மா கேட்டார்.

"ஜன்னலோரம் ஒண்ணு பாடுச்சே, யார் வீட்டுப் பொண்ணு சார் அது?"