துண்டிக்கப்பட்ட காவல்

எங்கள் குடும்பப் பெயர் தாங்கிய பழுதுபார்க்கும் பட்டறைக்கு, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டர் ஒன்று, ஓட்டியதும் நின்றுவிடுகிறது என்று ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்தது. உண்மையில் அந்தத் தொழிற்சாலையின் மோட்டார் கேபிளில்தான் ஷார்ட் இருந்தது. உள்ளிருக்கும் பவர் டிரான்சிஸ்டர் வெடிக்காதபடி, காவல் சர்க்யூட்தான் அதை நிறுத்தியது. என் மருமகன் தனேஷ் கேபிளைச் சோதிக்காமல் அந்தக் காவலையே துண்டித்து அனுப்பினான். அங்கே மாட்டியதும் டிரான்சிஸ்டர் வெடித்தது.

"கஸ்டமர் டிரிப் ஆகி நிக்கக்கூடாதுன்னாரு லா, மாமா."

"அதுக்குக் கத்துற காவக்காரன் வாயைப் பொத்திட்டீங்க. பெரிய இன்ஜினியர்தான்!"

தொழிற்சாலைக்கு இருவரும் போனோம். "யார் செஞ்ச வேலை இது?" என்று மேனேஜர் கேட்டார்.

"நான்தான்" என்றேன். மகளின் கணவன் முட்டாள் என்று வெளியாரிடம் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

வேனில் ஏறியதும் அவனிடமிருந்து ஸ்குரூடிரைவரை வாங்கிக்கொண்டேன்.

"இனிமே நீங்க போன் மட்டும் எடுங்க, மாப்பிள்ளை."