எதுவரைக்கும்

கீழ்க் கீலின் கடைசித் திருகாணி மட்டும் அசைய மறுத்தது. அவன் வாசலில் முழந்தாளிட்டு, திருப்புளியை இரு கைகளாலும் பற்றி, உடலின் எடை முழுவதையும் அதன்மேல் சாய்த்தான். அந்தக் கதவு எவ்வளவு திறந்தாலும் பக்கத்துச் சுவரில் இடித்துக்கொண்டு, வாசலின் அகலத்தில் ஒரு சாணைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும். அந்த ஒரு சாண் இல்லாமல் ஸ்ட்ரெச்சரைப் படிக்கட்டின் பக்கம் திருப்ப இயலாது என்று வேன் ஓட்டுநர் வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டுற," என்றார், கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற சித்தப்பா. "உங்கப்பனுக்கு மாடிப்படிதான்னு எழுதியிருக்கு பாரு."

மின்தூக்கி நிறுவனமொன்றில் மேற்பார்வையாளனாக இருந்த அவன் திருப்புளியை மறுபடியும் அழுத்தினான். சித்தப்பா ஓயாமல் பேசுகிறவர். இன்று அவர் பேசாமல் இருந்திருந்தால்தான் அவன் அஞ்சியிருப்பான்.

"அண்ணன் உயிரோட இருந்தா கதவுல கை வைக்க விட்டிருப்பாரா? 'ஒருக்களிச்சு வாங்க, ஒருக்களிச்சு வாங்க'ன்னே ஊர் முழுக்க உள்ள ஏத்தியிருப்பாரு."

அப்பா நகரப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று விடிந்த சற்று நேரத்துக்கெல்லாம், கூடத்து ஜன்னலோரக் கட்டிலில், எவரையும் அழைக்காமல் இறந்துபோயிருந்தார். முதலில் அறிந்தவள் மருமகள். அவருடைய உதடுகளை நனைக்கப் பஞ்சும் தண்ணீரும் கொண்டுவந்தவள், நனைக்காமலேயே கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

இப்போது அவளுடைய குரல் கூடத்திலிருந்து கேட்டது.

"உள்ள போங்க. உள்ள போங்க. முன்னாடி நிறைய இடம் இருக்கு."

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஆயினும் மறுக்காமல், முன்னால் நகர்ந்தார்கள். அவள் வேறொரு தேசத்தில் பிறந்தவள். கணவனோடும் ஆறு வயது மகளோடும் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, இவ்வீட்டின் மொழியில் அவளுக்கு இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் தெரியாது. அவன் வேலைக்குப் போய்விடுவான்; குழந்தை பள்ளிக்குப் போய்விடும்; அம்மா சமையலறையில் இருப்பாள். கட்டிலில் கிடந்த மனிதருக்கும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கும் இடையே பகற்பொழுது முழுவதும் மிச்சமிருந்தது. அவர் தம்மிடம் இருந்த வாக்கியங்களை அவளுக்குக் கொடுத்தார். அவை பெரும்பாலும் பேருந்து வாக்கியங்கள்.

"துரை," என்று அவள் வாசலுக்கு வந்து நின்றாள். "டீ குடிச்சியா?"

துரை என்பது அவனுடைய பெயரன்று. வெளிநாட்டில் படித்துச் சம்பாதித்துத் திரும்பிய மகன் காலையில் நேரம் கழித்து எழும்போதெல்லாம், 'துரை எழுந்தாச்சா?' என்று அப்பா கேட்பார். அதுதான் வீட்டில் அவனை அழைக்கும் பெயர் என்று அவள் நம்பிக்கொண்டாள், ஒருவரும் திருத்தவில்லை.

"கட்டினவனைத் துரைங்கிறா," என்றாள் படியில் நின்ற உறவுக்காரி ஒருத்தி, பக்கத்தில் இருந்தவளிடம். "நல்லாத்தான் பழக்கி வெச்சிருக்கான்."

அவன் வேண்டாமென்று தலையசைத்தான். அவள் உள்ளே திரும்பியதும் சித்தப்பா குரலைத் தாழ்த்தினார்.

"இனிமே என்னடா? இங்கதானே?"

திருகாணி சட்டென்று இளகியது. அவன் அதைத் தரையில் தேடுகிறவன்போல் குனிந்துகொண்டான்.

அந்தக் கேள்விக்கு அவனிடம் இரண்டு பதில்கள் இருந்தன. இரண்டையும் அவனே, இருவேறு மொழிகளில், முன்பே சொல்லியிருந்தான். வந்து இறங்கிய முதல் வாரத்தில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே எங்கயும் போக மாட்டோம்பா, இங்கதான்," என்றான். அதற்கும் முன்னால், கடலுக்கு அப்பாலிருந்த வீட்டின் படுக்கையறையில், அவளுடைய மொழியில், அப்பா இருக்கும் காலம் மட்டும்தான், அதன் பிறகு நிச்சயம் திரும்பிவிடுவோம் என்று அவளிடம் சொல்லியிருந்தான். அவள் வேலை பார்த்த ஆய்வகத்தில் அவளுடைய இடம் இன்னும் காத்திருந்தது. உள்ளறை அலமாரியின் மேல் இரண்டு பெட்டிகள் பிரிக்கப்படாமலே இருந்தன. அவற்றில் இந்த ஊரில் எவருக்கும் தேவைப்படாத குளிர்கால உடைகள்.

ஒரு மொழிக்காரர்களுக்கு மற்ற மொழி தெரியாதிருந்த வரையில் இரண்டு சொற்களும் நிம்மதியாகவே இருந்தன. அப்பா அவளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறார் என்று அறிந்தபோது முதலில் அவன் மகிழ்ந்தான். பின்னர், அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில், இன்று என்ன பேசியிருப்பார்கள் என்று எண்ணத் தொடங்கினான்.

கதவு கைக்கு வந்தது. இருவருமாகத் தூக்கி அதை மாடிப்படித் திருப்பத்துச் சுவரில் சாய்த்தார்கள். கதவில்லாத வாசல் வழியே கூடம் முழுவதும் தெரிந்தது. அம்மா கட்டிலின் தலைமாட்டில் இருந்தாள். காலையிலிருந்து அவள் அழவில்லை. வந்தவர்களை உபசரிப்பவள்போலப் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஒரு குறையும் இல்லாமத்தான் போனாரு," என்று அம்மா ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவரிடம் சொன்னாள். அப்பா டிக்கெட் கிழித்த காலமெல்லாம் அந்த வண்டியை ஓட்டியவர் அவர். "புள்ள வந்துட்டான். பேத்தி மடியில விளையாடினா. இனிமே எங்கயும் போக மாட்டோம்னு கையைப் பிடிச்சுச் சொன்னான். அது போதும்னு இருந்தாரு."

"நீங்களும் தனியா இல்ல," என்றார் ஓட்டுநர்.

"அதான். நான் எதுக்குப் பயப்படணும்?"

அம்மாவுக்குப் பின்னால் அவன் மனைவி தேநீர்க் கோப்பைகள் அடுக்கிய தட்டோடு நின்றிருந்தாள். அவள் முகம் மாறவில்லை. ஓட்டுநரிடம் ஒரு கோப்பையை நீட்டினாள். காலியானவற்றை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அவன் கையிலிருந்த திருகாணிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பின்தொடர்ந்தான்.

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அவளுடைய மொழியில், மிகவும் தாழ்ந்த குரலில், அம்மா சொன்னதைத் தான் விளக்குவதாகச் சொன்னான். அவள் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இந்த வீட்டின் மொழியிலேயே விடை சொன்னாள்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ இங்க ஒண்ணு சொன்ன. அங்க ஒண்ணு சொன்ன. மாமாவுக்கும் தெரியும்."

அவன் குழாயை மூடினான். தண்ணீர் நின்றதும் கூடத்துப் பேச்சு தெளிவாகக் கேட்டது, மறுபடியும் திறந்தான்.

"நீ சொன்னியா?"

"அவர் கேட்டார்." அவள் அடுத்த கோப்பையை எடுத்தாள். "ஒரு நாள், ஜன்னல்ல பஸ் பாத்துட்டு இருந்தோம். 'ஏம்மா, உனக்கு எதுவரைக்கும்?'னு கேட்டார். நான் பொய் சொல்லல. 'உங்க வரைக்கும் மாமா'ன்னு சொன்னேன்."

அவள் ஒரு சொல்லையும் தேடவில்லை. சொல்லைத் தேடியவன் அவன்தான். கடைசியில், "என்ன சொன்னார்?" என்று கேட்டான்.

"சிரிச்சார். நிறைய நேரம் சிரிச்சார், இருமல் வந்துச்சு. அப்புறம், 'அப்படின்னா வண்டியை மெதுவா ஓட்டச் சொல்றேன்'னார்."

மருத்துவர்கள் சொன்ன கெடு கடந்து, குழந்தையின் பள்ளி மூடித் திறந்த பின்னும் அப்பா இருந்தார். மருந்து வேலை செய்கிறது என்று அவன் அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அத்தைக்குச் சொல்லாதேன்னார். உன்கிட்டயும் கேக்காதேன்னார். 'துரை பாவம், ரெண்டு பக்கமும் கம்பியைப் பிடிச்சுட்டுத் தொங்குறான்'னார்." அவள் ஈரக்கையைப் புடைவைத் தலைப்பில் துடைக்கப் போய், தான் உடுத்தியிருந்தது புடைவையன்று என்பதை உணர்ந்து, கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள். தலைப்பில் துடைப்பது அம்மாவின் பழக்கம். "அத்தைகிட்ட நீ சொல்லணும், துரை. நான் சொல்ல மாட்டேன்."

கீழிருந்து வேனின் ஒலிப்பான் இருமுறை கேட்டது. தெரு குறுகலானது, வேனுக்குப் பின்னால் வாகனங்கள் சேர்ந்துவிட்டன என்று சித்தப்பா வந்து அவசரப்படுத்தினார்.

நான்கு பேர் தூக்கினார்கள். தலைமாட்டில் அவனும் ஒருவன். அப்பா எதிர்பாராத அளவுக்கு இலேசாக இருந்தார். வாசலைக் கடப்பதில் சிரமமிருக்கவில்லை. ஆனால் அதற்கு அப்பால் மாடிப்படி முழுவதும் ஆட்கள். மேலே வர முயன்றவர்களும், கீழே இறங்க வழி தேடியவர்களும், கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க விரும்பியவர்களும் ஒருவர்மேல் ஒருவர் நெருக்கி நின்றார்கள். சித்தப்பா, "தள்ளுங்கப்பா, கொஞ்சம் தள்ளுங்க," என்று கெஞ்சினார். எல்லோரும் தள்ளுவதாகச் சொன்னார்கள், ஒருவரும் நகரவில்லை. அவன் கையில் பிடி வழுக்கத் தொடங்கியது.

"படியில நிக்காதீங்க!"

குரல் அவனுக்குப் பின்னாலிருந்து வந்தது. உரத்த, சற்றே மூக்கால் இழுத்த, கோபமில்லாத குரல்.

"இறங்குறவங்களுக்கு வழி விடுங்க. ஏறுறவங்க அப்புறம் ஏறலாம். இறங்குறவங்களுக்கு முதல்ல வழி விடுங்க."

படிக்கட்டு ஒரு கணம் அசைவற்றிருந்தது. பிறகு, வாழ்நாளெல்லாம் அந்தக் கட்டளைக்குப் பழகியவர்கள்போல, எல்லோரும் ஒருங்கே சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். நடுவில் வழி பிறந்தது. யாரோ சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற ஓட்டுநர் சுவரின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தான் என்ன செய்தோம் என்று அறியாமல் அவன் மனைவி வாசலில் நின்றாள். அவளறிந்த வரையில் வழி கேட்பதற்கு இருந்த வாக்கியம் அது ஒன்றே. அவள் தோளுக்கு மேலாக அம்மா எட்டிப் பார்த்தாள், முதலில் சிரித்தாள். சிரிப்பு நின்ற இடத்தில் வேறொன்று தொடங்கியது. படித் திருப்பத்தில் அவன் கேட்டது, காலையிலிருந்து கேட்காதிருந்த அந்த ஓசையைத்தான். திரும்பிப் பார்க்க அவன் கைகள் அனுமதிக்கவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி; வேனில் ஏறவில்லை. கதவில்லாத வீட்டை விட்டு எல்லோரும் போக முடியாது என்பதால் மனைவியும் குழந்தையும் அவளோடு தங்கினார்கள். தகனக்கூடத்தின் நீண்ட பலகையில் சித்தப்பாவோடு உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அவன் அந்த வாசலையே நினைத்துக்கொண்டிருந்தான். இரண்டு பெண்கள் அங்கே இருக்கிறார்கள். ஒரே மொழியில் பேசிக்கொள்வார்கள்.

திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. படியேறி வந்தவனை, வாசலுக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மகள் தடுத்தாள். "டிக்கெட்," என்றாள், கையை நீட்டி. தாத்தா அவளை அரை டிக்கெட் என்றுதான் அழைப்பார். இன்று இந்த விளையாட்டு கூடுமா கூடாதா என்று தெரியாமல் அவள் கையைப் பாதியிலேயே தாழ்த்திக்கொண்டாள். அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு திருகாணியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் எழுந்து வழிவிட்டாள்.

கட்டிலின் மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. வெறும் பலகையின் ஓரத்தில், ஜன்னலைப் பார்த்தபடி, அம்மா உட்கார்ந்திருந்தாள். மனைவி தரையில் இருந்தாள். அவன் பார்வையைச் சந்தித்து, இல்லை என்று மிக மெல்லத் தலையசைத்தாள்.

"முதல்ல கதவை மாட்டு," என்றாள் அம்மா. "தெருவே உள்ள வந்து உக்காந்த மாதிரி இருக்கு."

அவன் கதவை இழுத்துவந்து வாசலில் நிறுத்தினான். திருகாணிகளைத் தரையில் பரப்பினான். திருப்புளியை எடுத்தவன், அதைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தான்.

"அம்மா."

"என்ன?"

"அப்பாகிட்ட நான் சொன்னது... இவகிட்ட அப்படிச் சொல்லலம்மா. அப்பா இருக்கிற வரைக்கும்தான்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன்."

தெருவில் ஒரு பேருந்து போயிற்று. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. அம்மா பேருந்து போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும் அத்தை," என்றாள் மருமகள்.

அம்மா தலையை ஆட்டினாள். அது ஆமோதிப்பா, வேறேதாவதா என்று அவனால் அறிய முடியவில்லை. ஏதேனும் கேட்பாள் என்று காத்திருந்தான். கேட்டால் எல்லாவற்றுக்கும் உண்மையே சொல்வதென்று உறுதி செய்துகொண்டிருந்தான்.

"குளிருது," என்றாள் அம்மா.

அன்று குளிரவில்லை. அவன் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆயினும் மனைவி எழுந்து உள்ளறைக்குப் போனாள். நாற்காலி நகர்த்தப்படும் ஒலியும், அலமாரியின் மேலிருந்து பெட்டி இறங்கும் ஒலியும், அதன் பூட்டு விலகும் ஒலியும் முறையே கேட்டன. திரும்பி வந்தவளின் கைகளில் அவளுடைய நீண்ட, சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு இருந்தது. அம்மாவின் கைகளை ஒவ்வொன்றாக உள்ளே நுழைத்து, குழந்தைக்கு உடுத்துவதுபோல் உடுத்திவிட்டாள். கைப்பகுதி நீண்டு, விரல்கள் மறைந்துபோயின.

"என்ன கனம்," என்றாள் அம்மா. "இதைப் போட்டுக்கிட்டா அங்க நடப்பாங்க?"

"நடப்பாங்க அத்தை."

அம்மா கம்பளிக்குள்ளிருந்து விரல்களை வெளியே எடுத்து, ஒரு பொத்தானைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

அவன் வாசலுக்குத் திரும்பிக் கதவை நிமிர்த்தினான். மறுபக்கம் ஒருவர் பிடிக்காமல் கீலைப் பொருத்த இயலாது. அவன் எவரையும் அழைக்கவில்லை. கதவை இரு கைகளாலும் தாங்கிக்கொண்டு நின்றான். அம்மா இரண்டாவது பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தாள்.